ரவுட்டர் வைத்த வீடு

மடுல்சீமைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில், கூலிக்காரர்களின் தொடர்வீட்டு வரிசையான லயம் மலைச்சரிவில் மேலிருந்து கீழாக இறங்கிக் கிடக்கிறது. உச்சியில் பொன்னையாவின் வீடு, அடியில் கலாராணியின் வீடு. இடையில் இருக்கிறவர்கள் எல்லாம் ஒரே தகரக் கூரைக்குக் கீழே அடைபட்டவர்கள். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் கட்டிய வெள்ளைக்காரன் கல்லை மிச்சம் பிடிக்க நினைத்தானோ, கூலிக்காரனுக்கு ரகசியம் எதற்கு என்று நினைத்தானோ, சுவரைக் கூரை வரைக்கும் ஏற்றாமல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்திவிட்டான். அதனால் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து 'கொத்தமல்லி அவிச்சுக் குடி' என்று குரல் வரும். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் லயம் முழுக்க இன்னொரு பிடி சோறு கூட இறங்கும்.

போன் சிக்னல் மட்டும் அப்படிப் பங்கு பிரியவில்லை. டவர் எதிர் மலையில் நின்றது. பொன்னையா வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அது தெரியும். மற்ற வீடுகளுக்கு முன்னால் ஒரு மேடு வந்து நின்று மறைத்துக்கொண்டது. கீழே இருப்பவர்கள் போனில் ஒரு கோல் எடுக்க வேண்டுமானால் ரோட்டு வளைகிற முடக்கு வரைக்கும் மூச்சு வாங்க ஏற வேண்டும்.

கலாராணிக்குச் சிக்னல் பொழுதுபோக்குக் காரியமில்லை. கொழும்பில் ஒரு கம்பெனியில், கோபத்தோடு எழுதிக் கேட்கிற வாடிக்கையாளர்களுக்குக் கோபப்படாமல் தமிழில் பதில் எழுதுகிற வேலை பார்த்தவள் அவள். அம்மா மழையில் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதும் வேலையை விட்டுவிட்டு வந்தாள். வந்த வாரமே கங்காணி வாசலில் வந்து நின்றார்.

"அம்மாவுக்கு இனிமே மலை ஏற ஏலாது. மகதான் வந்திருச்சே, வேலைக்கு அது பேர குடுத்திருங்க. தோட்டத்துல வேல செய்யாத ஆளுக்கு தோட்டத்து வீடு எதுக்குன்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. நான் கேக்கலம்மா, அவங்க கேக்குறாங்க."

கங்காணி கெட்டவரில்லை. கெட்ட சேதியைச் சுமந்து திரிவதற்கென்று வைத்திருக்கிற ஆள், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் பழைய கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் எடுக்கப்போவதாகச் சொன்னது. அதற்கு ஒரு பரீட்சை. எந்த இடத்திலிருந்து வேலை செய்யப்போகிறாளோ அதே இடத்திலிருந்து அதை எழுத வேண்டும். மேற்பார்வை செய்கிற பெண் வீடியோவில் பார்த்துக்கொண்டே இருப்பாள். இணைப்பு அறுந்தால் வேலையும் அறுந்தது. கிடைத்துவிட்டால், கொஞ்சம் சம்பளம் சேர்ந்ததும் பசறையில் ஒரு அறையை எடுத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். கிடைக்காவிட்டால், அம்மா இறக்கி வைத்த கூடையைக் கலாராணி தலையில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கூடையை அம்மா கழுவிக் காயவைத்து அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்திருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. கலாராணி அந்த மூலைப் பக்கம் பார்க்காமலே அடுப்படிக்குள் போய் வந்தாள்.

பதுளை பஜாரில் ஜாபிரின் கடைக்குப் போனாள். போன் திருத்துவதும் கம்ப்யூட்டர் சாமான் விற்பதுமாக இருக்கிற சின்னக் கடை.

"சிக்னல் எங்க விழுதோ அங்க இந்த ரவுட்டர வைங்க தங்கச்சி. அங்கருந்து ஒங்கட வீட்டுக்கு வயர் இழுங்க. வீட்டுல இந்தச் சின்னப் பொட்டி. காத்துல வாறத நம்பாதீங்க, பரீட்சை எழுதுறதுன்னா லேப்டாப்புல வயர நேராவே குத்துங்க" என்றார் ஜாபிர். பிறகு தன் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். "இங்க பாருங்க. யாரு யாரு புடிச்சிக்கிட்டு இருக்காங்கன்னு போன் போனா காட்டும். பேரும் எழுதி வைக்கலாம். தொல்ல குடுத்தா ஒரு தட்டு. அந்தப் போனுக்கு வராது."

"நாந்தான் நிப்பாட்டுனேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? சிக்னல் போயிட்டுன்னு டவர ஏசுவாங்க." ஜாபிர் சிரித்தார். கலாராணியும் சிரித்து வைத்தாள்.

பொன்னையாவிடம் கேட்கத்தான் அவளுக்குத் தயக்கமாக இருந்தது. மனைவி இறந்த பிறகு, ஆட்டோ ஓட்டுகிற மகன் ரஜீவோடு இருக்கிற மனிதர். லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் மாமா. கலாராணி விசயத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் ஜன்னல் படியிலிருந்த போத்தல்களை ஒதுக்கத் தொடங்கிவிட்டார்.

"ஒரு பொட்டிதானே? சாமி படம் மாதிரி மாட்டிட்டுப் போ."

"கரண்டுக்கு மாசாமாசம் தந்திர்றேன் மாமா."

"சீ, போடி. காசு பேசுனா இப்பவே கழட்டி வீசிருவேன்." சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஜெயலெட்சுமி மொகம் இதுல தெளிவா தெரியுமா? ரோட்டு முடக்குல நின்னு பேசுனா துண்டு துண்டா வருது. வாய் ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம்."

ஜெயலெட்சுமி அவருடைய மூத்த மகள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் வருசக்கணக்காகிவிட்டது.

"நல்லா தெரியும் மாமா."

"அப்ப சரி. எனக்கு வேற என்னா வேணும்."

வயர் இழுத்த நாளில் லயம் திருவிழாவாகிவிட்டது. சுவர்கள் கூரையைத் தொடாத புண்ணியத்தில் எங்கேயும் துளை போட வேண்டியிருக்கவில்லை. கலாராணி மேல் வீட்டில் ஏணி வைத்து ஏறி வயரின் நுனியை அடுத்த வீட்டுப் பக்கம் எறிவாள். அங்கே கட்டில் மேல் ஏறி நிற்கிற ஒருத்தி அதைக் கூட்டுகிற தும்புத்தடியால் ஏந்தி அடுத்த சுவருக்கு மேலே தள்ளிவிடுவாள். இப்படியே கை மாறிக் கை மாறி, நூலாம்படையும் எலிப்புழுக்கையும் பூசிக்கொண்டு வயர் அடிவீட்டுக்கு இறங்கி வந்தது. நடு வீட்டு சுபாஜினி தலையில் விழுந்த தூசியைத் தட்டிக்கொண்டே ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டாள்.

"எங்க தலைக்கு மேலதான் போவுது. எங்களுக்கு இல்லையா?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்த லயத்தில் சீனிக்கும் இல்லை கிடையாது, செருப்புக்கும் இல்லை கிடையாது. யார் வீட்டு மண்வெட்டி யார் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் கை மாறும். ஒருத்தருக்குச் சொன்ன பாஸ்வேர்ட் அன்று பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலையே பொன்னையா ரஜீவின் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மகளோடு பேசினார். பேசவில்லை, கத்தினார். "ஏ ஜெயா, பல்லு கூட தெரியுதுடி!" என்று அவர் கத்தியது அடிவீட்டுக்கு வயரில்லாமலே வந்து சேர்ந்தது. கலாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டோம் என்று உண்மையாகவே நினைத்தாள்.

நல்ல மனசு பயிற்சி தொடங்கும் வரைதான். கம்பெனி அனுப்பிய மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால், மேலே ஒரு வீட்டில் நாடகம், இன்னொரு வீட்டில் கார்ட்டூன், வேறொரு வீட்டில் மாப்பிள்ளைக்கு வீடியோ கோல். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று போய்க் கேட்கலாம்தான். கேட்டால், 'ஓ, ஒன் பொட்டிதானே' என்று ஒரு வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தை காலத்துக்கும் சுவருக்கு மேலே தொங்கும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஜாபிர் காட்டிய பக்கத்தைத் திறந்தாள். ஒவ்வொரு போனுக்கும் சொந்தக்காரரின் பெயரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். கொழும்பில் இருந்து வந்த பழக்கம் அது: ஆளுக்கு ஒரு போன், போனுக்கு ஒரு ஆள். வரிசையாகத் தட்டினாள். உடனே கூரைக்குக் கீழே சத்தம் கிளம்பியது.

"அடச் சனியனே, டவரு செத்துருச்சு!"

"மழை வரப்போவுதுல்ல, அதான்."

ஒருத்தரும் அவளை நினைக்கவில்லை. எதிர் மலையில் நிற்கிற இரும்பைத்தான் வைதார்கள். கலாராணிக்குச் சிரிப்பு வந்தது. கூச்சமெல்லாம் அந்த முதல் தடவையோடு போயிற்று. அப்புறம் பயிற்சிக்கு உட்காரும்போதெல்லாம் தட்டினாள், முடிந்ததும் திறந்துவிட்டாள். ரஜீவின் போனை மட்டும் தொடமாட்டாள். மாமா மகளோடு பேசுகிற போன் அது. அந்த ஒரு போனைத் தொடாமல் விட்டதில் தன் நியாயம் முழுவதும் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டாள். மனுசருக்கு எவ்வளவு சின்ன நியாயம் போதுமாக இருக்கிறது பாருங்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் காலையில் பொன்னையா மலையூற்றுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். வாளியை வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வாளி நிரம்பி வழிந்து ஓடுவதைப் பார்த்துத்தான் ஆட்கள் ஓடினார்கள்.

கலாராணியும் ஓடினாள். மாமாவின் கால்மாட்டில் விழுந்து மனசார அழுதாள். அது பொய் அழுகை இல்லை. அழுகை அடங்கிய பிறகு மரண வீட்டு வேலைகளைப் பற்றிப் பெரியவர்கள் பேசியது காதில் விழுந்தது. ஜெயலெட்சுமியால் வர முடியாது, அந்த வீட்டு மேடம் விடமாட்டாள். போனும் மேடத்தின் அலுமாரியில்தான் இருக்கும். மறுநாள் மதியத்துக்கு மேல் மேடம் வெளியே போகும்போது மட்டும் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்தில்தான் பிரேதத்தை எடுக்க வேண்டும், மகள் பார்க்க வேண்டும் என்று லயம் ஒரே வாயாக முடிவு செய்தது.

கலாராணிக்குப் பரீட்சையும் அந்த நேரம்தான்.

கம்பெனிக்கு எழுதினாள். ஒரு மரணம் நடந்துவிட்டது, வேறு ஒரு நாள் தர முடியுமா என்று கேட்டாள். பதில் சீக்கிரமே வந்தது: 'எங்கள் அனுதாபங்கள். இறந்தவர் உங்கள் குடும்பத்தவரா?'

அவள் 'மாமா' என்று எழுதி அழித்தாள். கடைசியில் 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று எழுதினாள். பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்ட மனிதரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பக்கத்து வீட்டுக்காரர் ஆக்கினாள். பொய் சொல்லக்கூடாது என்று பார்த்தாள். அந்த உண்மையால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. 'அப்படியானால் பரீட்சை குறித்தபடி நடக்கும். வீட்டிலிருந்து வேலை செய்யும்போது அக்கம்பக்கத்தில் ஏதாவது நடந்துகொண்டுதான் இருக்கும்' என்று வந்தது.

மறுநாள் அம்மா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மேல் வீட்டுக்குப் புறப்பட்டாள். மகள் லேப்டாப்பை மேசையில் வைத்து ஜன்னலுக்குக் கம்பளி கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றாள்.

"தூக்குறப்ப நீ இல்லாட்டி சனம் என்னா சொல்லும்?"

"சனமாம்மா எனக்குச் சம்பளம் குடுக்கும்?"

அம்மா கோலை ஊன்றிக் கதவைத் தாண்டினாள். படியில் இறங்கிய பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அந்த மனுசன் வீட்டு ஜன்னல்லதான் ஒம் பொட்டி தொங்குது. அத ஞாபகம் வச்சுக்க."

நமுனுகுலையிலிருந்தும் பசறையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து குவிந்துவிட்டார்கள். மற்ற டிவிசன்களிலும் வேலைக்குப் போனவர்கள் பாதியில் திரும்பி வந்தார்கள். வந்த சனம் வெற்றிலைத் தட்டோடு பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டது. ரோட்டு முடக்கு வரை போகாமல் நின்ற இடத்திலேயே சிக்னல் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? ஆளாளுக்கு மாலை போட்ட முகத்தைப் படம் பிடித்து ஊருக்கு ஊர் அனுப்பினார்கள்.

பரீட்சை தொடங்கியது. திரையின் மூலையில் அந்த மேற்பார்வைப் பெண், மிஸ், காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் கேள்விக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் வட்டம் சுற்றத் தொடங்கிவிட்டது. எழுத்து நின்று நின்று விழுந்தது.

"கலாராணி, உங்கட வீடியோ நிக்குது. கேக்குதா?"

"கேக்குது மிஸ். இப்ப சரியாயிரும்."

"இன்னொரு தரம் நிண்டா நான் இத முடிக்கத்தான் வேணும். சரியா? என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

கலாராணி திரும்பிப் பார்த்தாள். அடுப்படி மூலையில் கூடை கவிழ்ந்து கிடந்தது. ஜாபிரின் பக்கத்தைத் திறந்தாள். பெயர் தெரிந்த போன்களும் தெரியாத போன்களுமாகப் பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. மேலிருந்து தட்டிக்கொண்டு வந்தாள். சுபாஜினி, தட்டு. பெயர் தெரியாதது, தட்டு, தட்டு, தட்டு. 'ரஜீவ் மேல்வீடு' வந்த இடத்தில் விரலைத் தூக்கினாள். அதில்தானே ஜெயா அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வெட்டினாள். மிஸ்ஸின் முகம் கண்ணாடி போலத் தெளிந்தது.

"ஆ, இப்ப நல்லா இருக்கு" என்றாள் மிஸ். பிறகு காதுக் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அது என்ன சத்தம்? பறை மாதிரிக் கேக்குது."

மேல் வீட்டு வாசலில் சாவுக்கு அடிக்கிற தப்பு உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. கம்பளி எதையும் தடுக்கவில்லை. கூரைதான் ஒன்றாயிற்றே.

"கோயில் திருவிழா மிஸ்" என்றாள் கலாராணி, வாய் கூசாமல்.

"அப்படியா? உங்கட பக்கத்துல நல்லா செய்வாங்க என்ன."

"ஆமாங்க மிஸ்."

அடுத்த கேள்வி வந்தது. ஒரு வாடிக்கையாளர் இணைப்பு வேலை செய்யவில்லை என்று கொதித்துப்போய் எழுதியிருக்கிறார், அவருக்குப் பதில் எழுத வேண்டும். கலாராணிக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்' என்று விரல்கள் தாமாகவே ஓடின. மேலே யாரோ உரத்த குரலில் கூப்பிட்டார்கள்: "வாய்க்கரிசி போடுறவங்கல்லாம் வாங்க!" தப்பு அடங்கியது. பெண்களின் குரல்கள் எழும்பின. "ஜெயா... ஏ ஜெயா... ஜெயா..." என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி கூப்பிட்டார்கள். ஒப்பாரி வைக்கிறார்கள், தூரத்தில் இருக்கிற மகளின் பெயரைச் சொல்லி அழுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள். முகத்தை மாற்றாமல் எழுதி முடித்தாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள் மிஸ் கடைசியில். "திங்கக்கிழமை தொடங்கலாம்."

திரை அணைந்ததும் கலாராணி செய்த முதல் வேலை, வெட்டிய எல்லாவற்றையும் திறந்துவிட்டதுதான். இரண்டாவது வேலை, மேலே ஓடியது.

பாடை முடக்கைத் தாண்டிவிட்டது. தப்புச் சத்தம் தேயிலை மலைக்குள் இறங்கித் தேய்ந்துகொண்டிருந்தது. ஆண்கள் மயானத்துக்குப் போய்விட்டார்கள். பெண்கள் மட்டும் வாசலில், தலைவிரி கோலத்தில், எல்லாரும் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். போன் சுபாஜினியின் கையில் இருந்தது. அவள் அதை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா வாய்க்கரிசி நேரத்துல போச்சுடி கலா. நாசமாப்போன டவரு! ஜெயா ஜெயான்னு கத்தோ கத்துன்னு கத்துறோம், அவ மொகம் அப்படியே ஒறஞ்சு நிக்குது. எவ்வளவு நேரம் வச்சிருக்க முடியும்? மழை வேற இருட்டிக்கிட்டு வந்துச்சு. தூக்கிட்டாங்க."

"ஒங்க போனுலயா காட்டுனீங்க?" என்றாள் கலாராணி. "ரஜீவ் அண்ணன் போனு?"

"அவன் போனுதான் விழுந்து கேமரா ஒடஞ்சு கெடக்கே, ரெண்டு நாளாச்சு. எம் போனுலதான் படம் தெளிவா இருக்குன்னு கேட்டான், குடுத்தேன். அவன் போன பாட்டுக்குப் போட்டுவச்சிருக்கு, அந்தா."

கலாராணி திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே, ஒரு ஸ்பீக்கரோடு பிணைத்து வைத்திருந்தது ரஜீவின் போன். அதிலிருந்து பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சனமெல்லாம் போன பிறகும், ஒரு சொல் விடாமல், ஒரு இடத்தில்கூட நிற்காமல் மிகச் சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் காப்பாற்றி வைத்தது அதைத்தான்.

இந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? சார்ஜ் உள்ள போன் யாரிடம் இருக்கிறதோ அதுதான் அன்றைக்கு எல்லாருக்கும் போன். பிறந்த குழந்தைக்குப் போட்ட சட்டை யாருடையது என்று கேட்காத இடத்தில், போனுக்கு மேல் பெயர் எழுதி, அந்தப் பெயரை நம்பினாள். கொழும்பு அவளுக்கு எதை எதையோ கற்றுக்கொடுத்து, இதை மறக்கடித்துவிட்டது.

சுபாஜினியின் கையில் போன் அடித்தது. எல்லாருடைய போன்களும் ஒரே சமயத்தில் கிணுகிணுத்தன.

"வந்துருச்சு, வந்துருச்சு! ஜெயா!"

"அப்பா எங்க?" என்றது போனிலிருந்து வந்த குரல்.

"தூக்கிட்டாங்கடி."

சுபாஜினிக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. போனைத் திருப்பி, பிரேதம் கிடத்தியிருந்த பெஞ்சைக் காட்டினாள். பெஞ்சில் உதிர்ந்த பூவும் கொஞ்சம் அரிசியும் கிடந்தன. ஜெயலெட்சுமி அழவில்லை, கத்தவுமில்லை. போன் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிட்டது. இந்த முறை அதை வெட்டியது யாருமில்லை, மேடம் வீட்டுக்கு வந்திருப்பாள்.

அன்றிரவு அம்மா சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பரீட்சை?"

"பாஸ்ம்மா."

"எல்லாருக்கும் சிக்னல் போச்சே. ஒனக்கு மட்டும் எப்படிப் போகல?"

"எனக்கு வயர்ல வருதும்மா."

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். சுவருக்கு மேலே காது நிறைய இருக்கிற வீடு அது. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் கலாராணிக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. லயத்தில் எல்லாருக்கும் அவள் மேல் பெருமை. ஆபீஸ் வேலை நடக்கிறது என்று சொல்லிப் பிள்ளைகளை அதட்டி அடக்கினார்கள், அவள் கேட்காமலேயே போன்களை நிறுத்தி வைத்தார்கள். பரீட்சையன்று வாய் திறந்து கேட்டிருந்தால், மாமாவின் பிரேதத்தின் மேல் ஆணையாக, அன்றும் நிறுத்தியிருப்பார்கள். அது அவளுக்கு இப்போது நன்றாக விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் அவளுடைய போன் அடித்தது. குவைத் நம்பர். எடுக்காமல் இருந்துவிடலாமா என்று பார்த்தாள். எடுத்தாள்.

"கலாவா? நான் ஜெயா அக்கா. மேடம் வெளிய போயிருக்கு, கொஞ்ச நேரந்தான். ஒனக்கு நன்றி சொல்லத்தான்டி எடுத்தேன்."

"எனக்கு எதுக்குக்கா?"

"நீ அந்தப் பொட்டிய வைக்காட்டி அப்பா மொகத்த நான் பாத்திருக்கவே மாட்டேன். செத்த பொறகு மட்டுமா? உசிரோட இருந்தப்பயும் எத்தன நாள் பேசிச் சிரிச்சோம். பல்லு தெரியுதுன்னு கத்துவாரு." ஜெயலெட்சுமி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. "அன்னைக்கி எல்லாம் பாத்தேன். குளிப்பாட்டுனது, மால போட்டது, எல்லாம். வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டாங்க. நானும் இங்க குசினியில மூட்டையிலருந்து கைநெறய அரிசி எடுத்து வச்சிருந்தேன். சுபா போன அப்பா வாய்க்கிட்ட கொண்டு போறேன்னு சொன்னா. அங்கயே போடுற மாதிரி நெனச்சு போட்டுரலாம்னு பாத்தேன். அப்பத்தான் நின்னுருச்சு."

கலாராணி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு கைய மூடிக்கிட்டே ஒக்காந்திருந்தேன். வந்தப்ப வெறும் பெஞ்சு. அந்த அரிசிய என்னா செய்யிறதுன்னு எனக்குத் தெரியல கலா. குப்பையில கொட்ட மனசு வரல. மேடம் கதவத் தொறக்குற சத்தம் கேட்டுச்சு. பயத்துல அப்படியே மூட்டையிலயே திரும்பப் போட்டுட்டேன்." மூச்சை இழுத்துவிட்டாள். "அன்னைக்கி ராத்திரி அந்த மூட்டையிலருந்துதான் எடுத்து ஆக்குனேன். அவங்களுக்கும் போட்டேன். பசி தாங்காம நானும் தின்னேன்டி."

சொல்லிவிட வேண்டும் என்று கலாராணிக்கு இருந்தது. அக்கா, டவர் போகவில்லை, நான்தான் வெட்டினேன். இவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லக்கூடிய காரியம். சொன்னால் அக்கா வைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள். தூற்றட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"அக்கா, அன்னைக்கி சிக்னலு..."

"சிக்னல் போனதுக்கு நீ என்னாடி செய்வ? சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காத. பொட்டி வச்ச புண்ணியம் ஒன்னச் சேரும். நீ நல்லா இருப்ப."

கோல் நின்றுவிட்டது. நம்பரைத் திரும்ப அழுத்தினாள். மணி போகவில்லை. போன் மேடத்தின் அலுமாரிக்குப் போயிருக்கும்.

திரையில் ஒரு வாடிக்கையாளர் வெகுநேரமாகக் காத்துக்கொண்டிருந்தார். 'யாராவது இருக்கிறீர்களா?' என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். கலாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம் என்று எழுதி அனுப்பினாள்.